பொய்த் தாடியும் மெய்யான மருட்கையும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



'கலையில் குழந்தை' என்னும் பொருளில் பேச வேண்டும் என்று செயலாளர் அவர்கள் பணித்தார்கள். கல்லூரியில் நான் சிற்றிலக்கியம் கற்பிப்பவள். ஆகவே பிள்ளைத்தமிழைப் பற்றிப் பேசுவேன் என்றே அவர்கள் எதிர்பார்த்திருக்கக் கூடும். பிள்ளைத்தமிழுக்கு வராமல் போகமாட்டேன். ஆயினும் அங்கே சென்று சேர ஒரு சுற்றுவழியை மேற்கொள்ள எண்ணியிருக்கிறேன். அது நியூயார்க் நகரத்தின் வழியாகச் செல்வது. சற்றே பொறுத்தருள வேண்டும்.

பிள்ளைத்தமிழ் நூல்களைப் பாடம் சொல்லும்போதெல்லாம் எனக்கு ஓர் எண்ணம் எழுவதுண்டு. பத்துப் பருவங்களிலும் அந்தக் குழந்தையை எல்லாரும் விளித்துப் பேசுகிறார்கள். தாலாட்டுகிறார்கள், கைகொட்டச் சொல்கிறார்கள், முத்தம் கேட்கிறார்கள், வருக என்று அழைக்கிறார்கள். குழந்தை மட்டும் பேசுவதில்லை. தாயாக நின்று பேசுபவர் புலவர். செவிலியாக நின்று பேசுபவரும் புலவர். சிற்றிலைச் சிதைக்காதே என்று கெஞ்சும் சிறுமியராகிப் பேசுபவரும் அவரே. இதனைக் குறையென்று நான் சொல்லவில்லை, அது மரபு. சொல்லால் ஆன குழந்தைக்கு நோவு என்பது இல்லை. இரு கைகளையும் ஊன்றித் தலைநிமிர்த்திச் செங்கீரை ஆடுக என்று புலவர் பத்துப் பாட்டில் வேண்டினாலும் அந்தக் குழந்தைக்குக் கை வலிக்காது.

திரைப்படக் கலை அத்தகையதன்று. அங்கே குழந்தை ஒன்றைப் படைத்துக்காட்ட, உயிருள்ள குழந்தை ஒன்று வேண்டும். அது பனியில் நிற்க வேண்டும். வசனம் மனப்பாடம் செய்ய வேண்டும். அழு என்றால் அழ வேண்டும், வியப்புறு என்றால் வியப்புற வேண்டும். அந்த அழுகையும் வியப்பும் எங்கிருந்து வருகின்றன என்பதே இன்று நான் கேட்க விரும்பும் கேள்வி. இதற்காக 1946ஆம் ஆண்டின் இறுதியில் நியூயார்க்கில் நடந்த ஒரு வெளிப்புறப் படப்பிடிப்பையும், அதில் நடித்த எட்டு வயதுச் சிறுமி ஒருத்தியையும் எடுத்துக்கொள்கிறேன்.

'மிரக்கிள் ஆன் தர்ட்டி ஃபோர்த் ஸ்ட்ரீட்' என்பது படத்தின் பெயர். முப்பத்து நான்காம் தெருவில் ஓர் அற்புதம் என்று தமிழில் சொல்லலாம். ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் நிறுவனம் தயாரித்தது, ஜார்ஜ் சீட்டன் இயக்கியது, 1947இல் வெளியானது. நம் நாட்டில் விழாக்காலப் படம் என்றால் தீபாவளியன்றோ பொங்கலன்றோ திரைக்கு வரும் படம்; கதைக்கும் பண்டிகைக்கும் தொடர்பு இருக்க வேண்டியதில்லை. அமெரிக்கர் வழக்கில் விழாக்காலப் படம் என்பது விழாவையே கதைப்பொருளாகக் கொண்டது. வேடிக்கை என்னவென்றால், இந்தக் கிறிஸ்துமஸ் படத்தைக் கோடையை ஒட்டி வெளியிட்டார்கள். கோடையில்தான் மக்கள் திரையரங்குக்கு மிகுதியாக வருவார்கள் என்பது ஃபாக்ஸ் நிறுவனத்தின் தயாரிப்புத் தலைவர் டேரில் ஜானக்கின் கணக்கு. அதனால் விளம்பரங்களில் கிறிஸ்துமஸ் கதை என்பதையே மறைத்தார்களாம். வணிகர்தம் மதி எந்நாட்டிலும் ஒன்றே.

கதை எளியது. நியூயார்க்கின் புகழ்பெற்ற பெருங்கடை மேசீஸ். அங்கே விழா ஊர்வலத்தை நடத்தும் பொறுப்பிலுள்ள பெண் ஒருத்தி, கணவரைப் பிரிந்தவள், வாழ்க்கையில் ஏமாற்றம் கண்டவள். தன் மகள் சூசன் ஏமாறக் கூடாது என்பதற்காகக் கற்பனைக் கதைகள் எவற்றையும் நம்பாமல் வளர்க்கிறாள். கிறிஸ்துமஸ் தாத்தா என்று ஒருவர் கிடையாது என்று அச்சிறுமிக்குத் தெளிவாகச் சொல்லப்பட்டிருக்கிறது. அக்கடையில் தாத்தா வேடமிட வந்த முதியவர் ஒருவர், தாம் வேடமிட்டவர் அல்லர், உண்மையான தாத்தாவே என்கிறார். வழக்கு நீதிமன்றம் வரை போகிறது. சூசனாக நடித்தவள் நேட்டலி வுட். தாயாக மொரீன் ஓஹாரா; முதியவராக எட்மண்ட் குவென்.

நேட்டலி 1938 ஜூலை 20இல் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்தவள். பெற்றோர் ரஷ்யாவிலிருந்து புலம்பெயர்ந்தவர்கள். வீட்டில் வழங்கிய மொழி ரஷ்யம். வீட்டார் அழைத்த பெயர் நத்தாஷா. 'வுட்' என்னும் பெயர் திரைத்துறை கொடுத்தது. ஒரு திரைப்பட இயக்குநரின் பெயரிலிருந்து எடுத்து ஒட்டியது. (எட்டு வயதுக்காரியை 'அவள்' என்றும், அவளே வளர்ந்து பேசும்போது 'அவர்' என்றும் குறிப்பேன். இருவரும் வேறு வேறு ஆட்கள்போல் உங்களுக்குத் தோன்றினால், எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.)

படப்பிடிப்பின் முதன்மையான நாள் 1946 நவம்பர் 28. அமெரிக்கர் நன்றி நவிலும் திருநாள் என்று கொண்டாடும் வியாழக்கிழமை. அன்று மேசீஸ் கடையினர் ஆண்டுதோறும் நடத்தும் ஊர்வலம் நியூயார்க் வீதிகளில் சென்றது. படத்துக்கென்று நடத்தப்பட்ட ஊர்வலமன்று, மெய்யான ஊர்வலம். சீட்டன் அதன் வழியில் பல இடங்களில் படப்பெட்டிகளை நிறுத்தினார். ஊர்வலத்தின் இறுதியில் வரும் கிறிஸ்துமஸ் தாத்தாவாக அவ்வாண்டு எழுந்தருளியவர் எட்மண்ட் குவென்தான். வீதியின் இருமருங்கிலும் நின்ற குழந்தைகள் ஒரு நடிகரைப் பார்த்துக் கையசைக்கவில்லை. தாத்தாவைப் பார்த்துக் கையசைத்தார்கள். மறுமுறை எடுப்பதற்கு வழியில்லாத படப்பிடிப்பு. ஊர்வலம் நமக்காகத் திரும்பி வராது அல்லவா?

கடைக்குள்ளும் படம் பிடித்தார்கள். நகருக்கு வெளியே லாங் ஐலண்டில், போர்ட் வாஷிங்டன் என்னும் ஊரில், இறுதிக் காட்சிக்குரிய வீட்டைத் தேர்ந்தெடுத்தார்கள். அங்கே குளிர் அவ்வளவு கொடியதாக இருந்ததாம். படப்பெட்டிகளே உறைந்துபோய் நின்றனவாம். படத்தில் அதன் சுவடு தெரியாது. சிறுமி வண்டியிலிருந்து இறங்கி வீட்டுக்குள் ஓடுவதும், படியேறுவதும், கொல்லையில் ஊஞ்சல் இருக்கிறதா என்று பார்க்க விரைவதும் நமக்கு மகிழ்ச்சியாகவே தெரிகின்றன. உறைந்த கருவிகளைப் பற்றிச் சொன்னவர்கள் சிறுமியின் விரல்கள் எப்படியிருந்தன என்று சொல்லவில்லை.

அவளுக்கு அத்துறையில் வழங்கிய செல்லப்பெயர் 'ஒன் டேக் நேட்டலி'. ஒரே முறையில் காட்சியை முடித்துக் கொடுப்பவள் என்று பொருள். இவ்வளவுக்கும் அதே பருவத்தில் 'தி கோஸ்ட் அண்ட் மிஸஸ் மியூர்' என்னும் மற்றொரு படத்திலும் நடித்துக்கொண்டிருந்தாள். ஒரு படத்தில் பேயோடு பழகும் தாயின் மகள். மறு படத்தில் எதையும் நம்பாத தாயின் மகள். அவளுடைய திறமையைக் கண்டு தாம் அஞ்சியதாகவே ஆர்சன் வெல்ஸ் சொல்லியிருக்கிறார். வெல்ஸைப் போன்ற ஒருவர் அஞ்சினார் என்றால் அதைப் பாராட்டாக மட்டும் கொள்ள என்னால் இயலவில்லை.

கவிஞர்கள் இதனைக் கவனிக்க வேண்டுகிறேன். சூசன் என்னும் பாத்திரத்துக்குப் பாவனை செய்யத் தெரியாது. அடுக்ககத்துப் பிள்ளைகள் விலங்குகளாக மாறி விளையாடும்போது அவள் ஒதுங்கி நிற்கிறாள். முதியவர் அவளை உட்காரவைத்துக் குரங்காக நடிப்பது எப்படி என்று கற்றுக்கொடுக்கிறார். அவளும் தயங்கித் தயங்கிக் கற்றுக்கொள்கிறாள். நான்கு வயதிலிருந்து பாவனை செய்வதையே தொழிலாகக் கொண்ட சிறுமி, பாவனை செய்யத் தெரியாதவளாகப் பாவனை செய்கிறாள்! நடிப்புக் கலையைப் பற்றி நூல்கள் எழுதியவர்கள் இந்த ஒரு காட்சியைக் கொண்டே ஓர் இயலை எழுதலாம்.

இதைவிட ஆழமான முரண் ஒன்று உண்டு. கிறிஸ்துமஸ் தாத்தாவை நம்பாத சூசனாக நடித்த நேட்டலி, தாத்தாவை நம்பியிருந்தாள். பிற்காலத்தில் அவரே இதனைச் சொல்லியிருக்கிறார். அப்படி ஒருவர் இல்லையோ என்ற ஐயம் மனத்தின் ஓரத்தில் இருந்ததாம். இருப்பினும் எட்மண்ட் குவென் உண்மையான தாத்தாவே என்று எண்ணினாராம். காரணம், அவரைத் தாடியில்லாமல் அவள் ஒருநாளும் பார்த்ததில்லை. குவென் விடியற்காலையிலேயே வந்து, பல மணி நேரம் செலவிட்டுத் தாடியும் மீசையும் ஒட்டிக்கொண்டு ஆயத்தமாகிவிடுவார். சிறுமி வந்து பார்க்கும்போது தாத்தாவாகவே அமர்ந்திருப்பார். படப்பிடிப்பு முடிந்து நடந்த விருந்தில் தாடியில்லாத அயலார் ஒருவர் நின்றிருந்தார். அவரையும் தன் தாத்தாவையும் ஒருவராக இணைத்துப் பார்க்க அவளால் இயலவில்லை.

இப்போது படத்தில் வரும் ஒரு காட்சியை நினைவுகூர வேண்டும். சூசன் முதியவரின் தாடியை உற்றுப் பார்க்கிறாள். மற்ற தாத்தாக்களுக்கு இருப்பதுபோல் காதில் மாட்டும் கம்பி இவருக்கு இல்லையே என்கிறாள். உண்மையான தாடி என்பதால்தான் இல்லை என்கிறார் அவர். இழுத்துப் பார் என்கிறார். அவள் இழுக்கிறாள், தாடி வரவில்லை. கதையில் ஐயத்தோடு இழுத்த விரல்கள், வாழ்க்கையில் நம்பிக்கையோடு இழுத்த விரல்கள். கதையில் தாடி மெய், பார்ப்பவள் நம்பாதவள். படப்பிடிப்பில் தாடி பொய், பார்ப்பவள் நம்புகிறவள்.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் மருட்கை என்னும் வியப்புக்கு நான்கு களன்கள் சொல்வார். இதுவரை காணாதது, மிகப் பெரியது, மிகச் சிறியது ஆகியவற்றோடு, ஒன்று பிறிதொன்றாகத் திரிந்து ஆவதையும் அவர் ஒரு களனாகக் கொள்வார். ஆக்கம் என்பது அது. முன்னைய மூன்றும் வகுப்பில் எளிதாக விளங்கும். ஆக்கத்துக்கு எடுத்துக்காட்டுத் தேடித்தான் நான் ஒவ்வோர் ஆண்டும் இடர்ப்படுவேன். ஒட்டுத்தாடி வைத்த அறுபத்தொன்பது வயது ஆங்கிலேய நடிகர் ஒருவர் ஒரு சிறுமியின் கண்முன் தாத்தாவாக ஆவதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்கு இதுவரை கிடைக்கவில்லை. சுவையைத் தானே உணர்பவனையும் அவனைப் பார்த்து உணரும் அவையோரையும் நம் உரையாசிரியர்கள் வேறுபடுத்திக் காட்டுவர். இப்படத்தில் அச்சிறுமி உணர்பவளாகவும் இருக்கிறாள், நடிப்பவளாகவும் இருக்கிறாள். இரண்டுக்கும் இடையிலுள்ள கோட்டை நம்மால் காண முடியவில்லை. அவளால் மட்டும் காண முடிந்திருக்குமா?

மொழியைப் பற்றிப் பேசாமல் ஒரு தமிழாசிரியை மேடையிலிருந்து இறங்க முடியாது. இப்படத்தில் எனக்கு மிகவும் நெருக்கமான காட்சி நீதிமன்றக் காட்சியன்று. போரில் பெற்றோரை இழந்து, நெதர்லாந்தின் ராட்டர்டாமிலிருந்து வளர்ப்பு மகளாக அமெரிக்காவுக்கு வந்த சிறுமி ஒருத்தியைக் கடைக்கு அழைத்து வருகிறார்கள். அவளுக்கு ஆங்கிலம் தெரியாது. தாத்தாவுக்குத் தன் மொழி தெரியும் என்று அவள் உறுதியாக நம்பி வந்திருக்கிறாள். வளர்ப்புத் தாய்க்குத் தர்மசங்கடம். எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை என்கிறாள். முதியவர் அச்சிறுமியின் பக்கம் திரும்பி டச்சு மொழியில் பேசுகிறார். அவளோடு சேர்ந்து பாடுகிறார். கீழே மொழிபெயர்ப்பு வரிகள் இல்லை. இயக்குநர் வேண்டுமென்றே விட்டிருக்க வேண்டும். என்ன பேசினார்கள் என்று நமக்குத் தெரியாது. அந்தக் குழந்தையின் முகம் மலர்ந்தது மட்டும் தெரியும். 1946 என்பதை மனத்தில் கொள்ளுங்கள். போர் முடிந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது.

தொலைவில் நின்று சூசன் இதைப் பார்க்கிறாள். அவளுடைய அவநம்பிக்கை அங்கேதான் முதன்முதலாக அசைகிறது. சூசனாக நின்றவள் வீட்டில் ரஷ்யம் பேசி வளர்ந்த நத்தாஷா. தாய்மொழியின் பெயரைக் கழற்றி வைத்துவிட்டுப் படப்பிடிப்புக்கு வந்தவள். தாய்மொழியில் பேசப்பெற்ற இன்னொரு குழந்தையைப் பார்க்கும் பார்வையில் எவ்வளவு இயக்குநர் சொல்லிக்கொடுத்தது, எவ்வளவு அவளுடையது என்று அறுதியிட்டுச் சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் ஒரு செய்தி உண்டு. மொரீன் ஓஹாரா 2004இல் வெளியிட்ட தம் வாழ்க்கை நினைவுகளில், நேட்டலி தம்மை 'மம்மா மொரீன்' என்றும் தாம் அவளை 'நத்தாஷா' என்றும் அழைத்ததாக எழுதியிருக்கிறார். அயர்லாந்திலிருந்து வந்த நடிகை ஒருவர், ரஷ்யக் குடும்பத்துச் சிறுமியை அவளுடைய வீட்டுப் பெயரால் அழைத்திருக்கிறார். படத்தில் முதியவர் டச்சுச் சிறுமிக்குச் செய்ததும் ஏறக்குறைய இதுதானே?

அதே நூலில் ஓஹாரா வேறொன்றும் சொல்கிறார். படப்பிடிப்பு இல்லாத மாலைகளில் குவென், ஜான் பெய்ன், தாம் ஆகிய மூவரும் ஐந்தாம் நிழற்சாலை வழியே நடந்துசெல்வார்களாம். விழாவுக்காக அழகுசெய்யப்பட்ட கடைக் கண்ணாடிகளைப் பார்த்துக்கொண்டே போவார்களாம். பரிசு தரும் தாத்தாவைப்போல் அல்லாமல், பரிசு பெறப்போகும் பிள்ளையைப்போலக் குவென் குதூகலித்தாராம். கண்ணாடிக்குப் பின்னால் பொம்மைகளை அடுக்கிக்கொண்டிருந்த பணியாளர்கள் அவர் எட்டிப்பார்ப்பதைக் கண்டு வியந்தார்களாம். அழகான இந்த நினைவுக்கு நடுவே ஒரு சிறு குறிப்பு இருக்கிறது: நேட்டலி உறங்கப் போக வேண்டியிருந்தது.

அது நியாயமே. எட்டு வயதுக் குழந்தைக்கு உறக்கம் வேண்டும். மறுநாள் வேலை இருக்கிறது. நான் குறைசொல்ல வரவில்லை. ஆனால் கிறிஸ்துமஸ் நியூயார்க்கைக் கண்டு குழந்தையானவர்கள் பெரியவர்கள். தொழிலாளியைப்போல நேரத்தோடு உறங்கப் போனவள் குழந்தை. விழாக்காலத் திரைப்படங்கள் யாருக்காக எடுக்கப்படுகின்றன என்னும் கேள்விக்கு இந்த ஒரு வரி விடை சொல்லிவிடுகிறது என்று நினைக்கிறேன். பெரியவர்கள் தாம் இழந்த ஒன்றை மீளக் காண்பதற்காகக் குழந்தை ஒன்றைப் பணியில் அமர்த்துகிறார்கள்.

இப்போது இருண்ட பக்கத்துக்கு வருகிறேன். இந்தப் படத்துக்கு முன்பு, 'டுமாரோ இஸ் ஃபாரெவர்' என்னும் படத்தில் நேட்டலி நடித்தாள். அது 1946இல் வெளியானது. போரில் பெற்றோரை இழந்த குழந்தையின் வேடம். அழ வேண்டிய காட்சியில் அவளுக்கு அழுகை வரவில்லை. அப்போது அவளுடைய தாய், ஒரு பட்டாம்பூச்சியை அவள் கண்ணெதிரே பிய்த்துப்போட்டார் என்று அவரைப் பற்றிய வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன. குழந்தை கதறி அழுதது. படப்பெட்டி அந்தக் கண்ணீரைப் பதிவுசெய்துகொண்டது.

அழுகையின் களன்களில் இழவும் ஒன்று என்பது நமக்குத் தெரியும். அந்த இழவைச் செயற்கையாக உண்டாக்கி, மெய்யான அழுகையை எடுத்துக்கொண்டார்கள். அடுத்து வந்த கிறிஸ்துமஸ் படத்தில் பொய்யான தாடியைக் கொண்டு மெய்யான மருட்கையை எடுத்துக்கொண்டார்கள். கலையின் முறை என்று பார்த்தால் இரண்டும் ஒன்றே. குழந்தைக்கு முன்னால் ஒன்றை வைத்து, அதனிடம் எழும் உண்மையான உணர்வைக் கறந்துகொள்வது. ஆனால் இரண்டையும் ஒரே தட்டில் வைக்க என் மனம் ஒப்பவில்லை. ஏன் ஒப்பவில்லை என்று பல நாள் யோசித்தேன். பட்டாம்பூச்சியைப் பிய்த்தவர் அந்தக் குழந்தையின் அழுகையில் பங்குகொள்ளவில்லை. விடியலில் எழுந்து வந்து தாடி ஒட்டிக்கொண்ட முதியவர், அவளுடைய நம்பிக்கையில் தாமும் பங்குகொண்டார். தெருவில் கடைக் கண்ணாடிகளில் முகம் பதித்தார். அவர் அவளிடமிருந்து எடுத்துக்கொண்டது மட்டுமன்று. தாமும் அதற்குள் வாழ்ந்தார். ஓஹாராவின் எழுத்திலிருந்தும் இதுவே தெரிகிறது. அந்தப் படத்துக்காகக் குவென் அகாதமி விருது பெற்றார்; கதைக்கும் திரைக்கதைக்குமாக அப்படம் மேலும் இரண்டு விருதுகள் பெற்றது. சிறுமிக்கு விருது இல்லை. அது பெரிய செய்தியன்று.

பிள்ளைத்தமிழில் அம்புலிப் பருவம் ஒன்று உண்டு. நிலவைக் குழந்தையோடு விளையாட வா என்று அழைப்பது. அழைப்பதற்குப் புலவர்கள் சாமம், பேதம், தானம், தண்டம் என்னும் நான்கு வழிகளையும் கையாள்வர். குழந்தைக்கும் உனக்கும் இன்னின்ன ஒப்புமை உண்டு என்று இன்சொல் சொல்வர், வேறுபாடு காட்டுவர், வந்தால் இன்ன நன்மை என்பர், வராவிட்டால் என்ன நேரும் என்று அச்சுறுத்துவர். பருவங்களுள் அருமையானது என்று புலவர்கள் போற்றுவது இது. குழந்தை நடிகர்களின் வரலாற்றைப் படிக்கும்போது இந்த நால்வகை உபாயமும் நினைவுக்கு வந்துகொண்டே இருந்தன. ஒரே வேறுபாடு, அங்கே நிலவின்மேல் செலுத்திய உபாயங்கள் இங்கே குழந்தையின்மேல் செலுத்தப்படுகின்றன.

தண்டத்துக்குச் சான்று வேண்டுமானால் சாப்ளின் தம் வரலாற்றில் எழுதியிருப்பதைச் சொல்லலாம். 1921இல் வெளியான 'தி கிட்' படத்தில் சிறுவன் ஜாக்கி கூகன் அழ வேண்டிய காட்சி. அழாவிட்டால் உன்னை ஏழையர் விடுதிக்கு அனுப்பிவிடுவோம் என்று அவனுடைய தந்தையே மிரட்டியிருக்கிறார். பையன் உருகி அழுதுவிட்டான். காட்சி முடிந்ததும் சாப்ளின் அவனைத் தூக்கி, உன்னை எங்கும் அனுப்பமாட்டோம் என்று தேற்றினார். அப்பா விளையாட்டுக்குத்தான் சொன்னார் என்று தனக்குத் தெரியும் என்றானாம் பையன்! இந்தச் செய்தியைப் படித்ததும் முதலில் சிரித்தேன். பிறகு சிரிப்பு வரவில்லை. தெரிந்தும் அழுதானா, அழுத பிறகு தன்மானம் காக்க அப்படிச் சொன்னானா? நேட்டலியின் மனத்தின் ஓரத்தில் இருந்த ஐயமும் இத்தகையதே. குழந்தைகள் நாம் நினைப்பதைவிட மிகுதியாக அறிந்திருக்கிறார்கள். பெரியவர்களின் பொய்யைக் காப்பாற்றிக் கொடுக்கவும் செய்கிறார்கள்.

அந்தக் கூகன் ஈட்டிய பெருஞ்செல்வத்தைப் பெற்றோர் செலவழித்துவிட, வளர்ந்தபின் அவர் 1938இல் தாயின்மீதும் மாற்றாந்தந்தையின்மீதும் வழக்குத் தொடர நேர்ந்தது. அதன் விளைவாகவே 1939இல் கலிபோர்னியாவில் குழந்தை நடிகர்களின் வருவாயில் ஒரு பகுதியை அவர்களுக்கென ஒதுக்கச் சட்டம் வந்தது. கூகன் சட்டம் என்பர். நம் நாட்டில் 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டமும் 2017இல் வந்த விதிகளும் குழந்தைக் கலைஞர்களுக்கு நாளொன்றுக்கு 5 மணி நேரத்துக்குமேல் வேலை கூடாது என்றும், வருவாயில் 20 விழுக்காடேனும் குழந்தையின் பெயரில் வைப்புநிதியாக வேண்டும் என்றும் சொல்கின்றன. நேரத்தையும் பணத்தையும் சட்டம் அளந்துவிடும். பட்டாம்பூச்சியை அளக்கும் சட்டம் எங்கும் இல்லை. 'பேபி' என்றும் 'மாஸ்டர்' என்றும் பெயருக்குமுன் அடைகொடுத்து எத்தனையோ பிள்ளைகளை நம் திரையில் பார்த்தோம். அவர்களுடைய அழுகையின் களன் யாது என்று நாம் ஒருமுறையேனும் கேட்டதில்லை.

நேட்டலியின் உடம்பு ஒரு நினைவைத் தாங்கியிருந்தது. 1949இல் வெளியான 'தி கிரீன் ப்ராமிஸ்' படத்துக்காக, புயல் மழையில் ஒரு பாலத்தைக் கடக்கும் காட்சியில் நடித்தாள். அவள் கடந்து சென்றபின் விழ வேண்டிய பாலம் முன்பே சரிந்தது. நீரில் விழுந்தாள், இடக்கை மணிக்கட்டு முறிந்தது. எலும்பு சரியாகக் கூடாமல் புடைத்து நின்றுவிட்டது. அதை மறைக்கவே வாழ்நாள் முழுவதும் அந்தக் கையில் அகன்ற வளையல் அணிந்தார். நீரைக் கண்டால் அவருக்கு அச்சம். 1981 நவம்பரில் கலிபோர்னியாவின் கேட்டலீனா தீவருகே கடலில் மூழ்கி இறந்தார். அப்போது வயது 43. அந்த இறப்பைப் பற்றி ஏராளமாக எழுதிவிட்டார்கள். வளையலைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. 1961இல் வெளியான 'வெஸ்ட் சைட் ஸ்டோரி' படத்தைப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் அந்த இடக்கையைக் கவனியுங்கள்.

தம் குழந்தைப் பருவ நடிப்பைப் பற்றி நேட்டலி வுட் சொன்னவை ஆங்காங்கே சில நேர்காணல்களில் கிடக்கின்றன. பெரும்பகுதி தாயும் சக நடிகர்களும் வாழ்க்கை வரலாற்றாசிரியர்களும் சொன்னது. பிள்ளைத்தமிழில் போலவே இங்கும் பிறர்தாம் பேசுகிறார்கள்.

இந்த மரபு ஓரிடத்தில் உடைந்தது. 1994இல் அதே கதையை மீண்டும் படமாக்கினார்கள். மேசீஸ் கடையினர் தம் பெயரைப் பயன்படுத்த இசையவில்லை. கற்பனைக் கடையொன்றைப் படைத்தார்கள். சிகாகோவிலும் நியூயார்க்கிலும் படம்பிடித்தார்கள். சூசனாக நடித்தவள் மாரா வில்சன் என்னும் ஆறு வயதுச் சிறுமி. யூதத் தாயின் மகள். தேர்வுக்குச் சென்றபோது, தனக்குக் கிறிஸ்துமஸ் தாத்தாவில் நம்பிக்கை இல்லை, ஆனால் விழுந்த பல்லை எடுத்துக்கொண்டு காசு வைத்துப் போகும் பல் தேவதையில் நம்பிக்கை உண்டு என்று தயாரிப்பாளர்களிடமே சொல்லியிருக்கிறாள். எது தன் நம்பிக்கை, எது தான் நடித்துக் கொடுக்கப்போவது என்று பிரித்துச் சொல்லும் அந்தத் தெளிவு என்னைக் கவர்ந்தது. அவளிடம் தாடியை மறைக்க வேண்டிய தேவை யாருக்கும் இருந்திருக்காது. ஆயினும் படத்தில் அவள் நம்பத் தொடங்கும் இடங்கள் பொய்யாகத் தோன்றவில்லை. மெய்யான உணர்வு வேண்டுமானால் குழந்தையை ஏமாற்றித்தான் ஆக வேண்டும், அல்லது நோகச் செய்துதான் ஆக வேண்டும் என்று சொல்பவர்களுக்கு அவள் நல்ல மறுமொழி.

மாரா வில்சன் இளமையிலேயே நடிப்பை விட்டு விலகினார்; எழுத்தாளர் ஆனார். 2016இல் தம் அனுபவங்களைத் தாமே நூலாக எழுதி வெளியிட்டார். குழந்தை நடிகையின் குரலைப் பிறர் வாயிலாக அன்றி அவருடைய சொற்களிலேயே படிக்கலாம். நூலைத் தேடிப் படிக்குமாறு வட்டத்தின் இளம் உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த கூட்டங்களில் யாரேனும் ஒருவர் அதைப் பற்றிப் பேசினால் முன்வரிசையில் இருந்து கேட்பேன்.

எனக்களித்த நேரம் முடிந்துவிட்டதென்று தலைவர் அவர்கள் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். அடுத்துக் கவியரங்கம். பாடவிருப்போரில் மூவர் தம் குழந்தைகளைப் பற்றியே பாடப்போவதாக அழைப்பிதழ் சொல்கிறது. அவர்களுள் ஒருவரின் மகள் இதோ இரண்டாம் வரிசையில் அமர்ந்திருக்கிறாள். கவிதை முடிந்தபின் அவளிடம் போய்க் கேட்கலாம் என்றிருக்கிறேன்.